அரசமைப்பு அடையாளம்: "இதைத் தொடாதீர்கள்" என்று ஐரோப்பிய நாடுகள் எப்போது சொல்லலாம்?

ஆஸ்திரியக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணை 1991-இல் ஜெர்மானியர் ஒருவர் முறைப்படி தத்தெடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். வயது வந்தவர்களையும் தத்தெடுக்க ஜெர்மன் சட்டத்தில் இடம் உண்டு. தத்தெடுத்தவரின் குடும்பப் பெயரோடு "இளவரசி" என்று பொருள் தரும் பழைய பிரபுப் பட்டமும் சேர்ந்து வந்தது. ஜெர்மனியில் இத்தகைய பட்டங்கள் இன்று பெயரின் ஒரு பகுதி மட்டுமே; வைத்துக்கொள்ளத் தடையில்லை. அந்தப் பெண் அதே பெயரில் ஜெர்மனியில் பழைய கோட்டைகளையும் மாளிகைகளையும் விற்றுக் கொடுக்கும் தொழிலை நடத்தினார். ஆஸ்திரியாவும் பல ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட் கொடுத்துவந்தது.

2003-இல் நிலைமை மாறியது. தத்து வழியாகக்கூட ஓர் ஆஸ்திரியக் குடிமகன் பிரபுப் பட்டம் பெற முடியாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி வியன்னா அதிகாரிகள் 2007-இல் பதிவேட்டைத் திருத்திப் பட்டத்தை நீக்கினார்கள். அந்தப் பெண் வழக்குப் போட்டார். ஜெர்மன் ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்றால் எல்லை தாண்டி வாழ்வதும் தொழில் செய்வதும் எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடையின்றிப் போய்வரும் உரிமை எனக்கு உண்டே என்பது அவர் வாதம்.

வலுவான வாதம்தான். ஆனாலும் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பரில் ஆஸ்திரியா பக்கம் நின்றது. ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918-இல் சரிந்த பிறகு குடியரசாக எழுந்த நாடு அது. 1919-இலேயே சட்டம் போட்டுப் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. அந்தச் சட்டத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் தகுதி உண்டு. பிறப்பால் யாரும் உயர்ந்தவரில்லை என்பது அந்தக் குடியரசின் அடித்தளம். அந்த அடையாளத்தைக் காக்க ஒரு தனிமனிதரின் நடமாட்ட உரிமையில் இந்த அளவு குறுக்கிடலாம் என்றது நீதிமன்றம்.

"அரசமைப்பு அடையாளம்" என்று சட்ட உலகில் பேசப்படுவது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடு ஒன்றியச் சட்டத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த நாட்டின் அரசமைப்பில் ஒரு சிறு பகுதி உண்டு. அதை எடுத்துவிட்டால் அது அந்த நாடாகவே இருக்காது. அந்தப் பகுதி எது, எங்கே முடிகிறது, அதை யார் சொல்வது என்பதுதான் அறுபது ஆண்டுகளாக நடக்கும் வாக்குவாதம்.

இந்த வாக்குவாதம் ஒரு மின்கட்டண ரசீதில் தொடங்கியது என்று சொல்லலாம். 1962-இல் இத்தாலி மின்துறையை நாட்டுடைமையாக்கியது. அதில் கைமாறிய ஒரு மின்நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்த மிலான் வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா, புதிய அரசு நிறுவனமான ஏனெல் அனுப்பிய 1,925 லிரா கட்டணத்தைக் கட்ட மறுத்தார். நாட்டுடைமையாக்கிய சட்டம், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஒப்பந்தத்தை மீறுகிறது என்றார். இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிந்தி வந்த சட்டம் முந்தையதை வெல்லும், ஒப்பந்தமும் ஒரு சட்டம்தான், எனவே புதிய சட்டமே செல்லும் என்றது.

1964 ஜூலை 15 அன்று லக்சம்பர்க்கின் ஐரோப்பிய நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. உறுப்பு நாடுகள் தங்கள் இறைமையின் ஒரு பகுதியை இந்தப் பொது அமைப்புக்கு ஒப்படைத்துவிட்டன. ஒவ்வொரு நாடும் பிற்பாடு ஒரு சட்டம் போட்டு ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியும் என்றால் பொதுச் சட்டம் என்று ஒன்று இருப்பதில் பொருளே இல்லை. எனவே ஐரோப்பியச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது. இந்த முதன்மை ஒப்பந்தத்தின் எந்த விதியிலும் எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதிகள் ஒப்பந்தத்தின் நோக்கத்திலிருந்து அதை எடுத்தார்கள். 2004-இல் எழுதிய ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தில் அதை விதியாகவே சேர்த்தார்கள். 2005-இல் பிரான்ஸ் மக்களும் நெதர்லாந்து மக்களும் பொதுவாக்கெடுப்பில் அந்த ஒப்பந்தத்தையே நிராகரித்துவிட்டார்கள். இன்று அது லிஸ்பன் ஒப்பந்தத்தோடு இணைத்த ஓர் அறிவிப்பாக மட்டும் இருக்கிறது.

சரி, சாதாரணச் சட்டத்தை ஐரோப்பியச் சட்டம் வெல்லட்டும். நாட்டின் அரசமைப்பையே வெல்லுமா? வெல்லும் என்றது லக்சம்பர்க், 1970-இல். அந்த வழக்கு சோள மாவு பற்றியது. பிராங்பர்ட்டைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 20,000 டன் சோள மாவு ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்கி வைப்புத்தொகை கட்டியிருந்தது. குறித்த காலத்துக்குள் முழுதையும் ஏற்றுமதி செய்யாததால் தொகையின் ஒரு பகுதி பறிமுதலானது. இது ஜெர்மன் அரசமைப்பு தரும் அடிப்படை உரிமைகளுக்கு எதிரானது என்று நிறுவனம் வாதிட்டது. எந்த நாட்டின் அரசமைப்பைக் காட்டியும் ஐரோப்பியச் சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது என்று பதில் வந்தது.

இங்கேதான் ஜெர்மனி விறைத்துக்கொண்டது. அந்த நாட்டின் வரலாற்றை நினைத்தால் காரணம் புரியும். 1949-இல் எழுதிய ஜெர்மன் அடிப்படைச் சட்டம் நாஜி ஆட்சியின் இடிபாடுகளிலிருந்து எழுந்தது. மனித மாண்பு மீறப்பட முடியாதது என்பதே அதன் முதல் விதி. 79-ஆவது விதியின் மூன்றாம் பிரிவு இன்னும் கடுமையானது: மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி போன்ற அடிப்படைகளை நாடாளுமன்றம் எத்தனை பெரும்பான்மையோடு வந்தாலும் திருத்த முடியாது. சட்டம் படித்தவர்கள் இதை "நித்திய விதி" என்பார்கள். தன் நாடாளுமன்றமே தொட முடியாததை பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளின் ஓர் ஒழுங்குமுறை மட்டும் தொட்டுவிடலாமா என்று கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் அரசமைப்பு நீதிமன்றம் கேட்டது. நியாயமான கேள்வி.

இந்திய வாசகர்களுக்கு இந்த விதி அவ்வளவு அந்நியமானதில்லை. கேசவானந்த பாரதி வழக்கில் 1973-இல் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் பிறந்த "அடிப்படைக் கட்டமைப்பு" கோட்பாட்டுக்குப் பின்னால் இந்த ஜெர்மன் சிந்தனையும் உண்டு. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் டீட்ரிஷ் கோன்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கே உள்ளார்ந்த எல்லை உண்டு என்று பேசியது. நீதிபதி கன்னா தன் தீர்ப்பில் அவரை மேற்கோள் காட்டினார். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அந்தக் கோடு நம் நாடாளுமன்றத்துக்கு எதிராகப் போட்டது. ஐரோப்பாவில் அதே கோட்டை வெளியிலிருந்து வரும் சட்டத்துக்கு எதிராகவும் நீட்டினார்கள்.

1974 மே 29 அன்று கார்ல்ஸ்ரூஹே சொன்னது, சுருக்கமாக: ஐரோப்பியச் சமூகத்துக்கென்று, எங்களுடையதற்கு ஈடான ஓர் அடிப்படை உரிமைப் பட்டியல் வரும்வரை நாங்கள் சோதித்துப் பார்ப்போம். சோள மாவு விஷயத்தில் மீறல் எதுவும் இல்லை என்றுதான் அந்தத் தீர்ப்பு முடிந்தது. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் லக்சம்பர்க் தன் தீர்ப்புகளில் அடிப்படை உரிமைகளைத் தீவிரமாக வளர்த்தெடுத்தது. 1986-இல் கார்ல்ஸ்ரூஹே நிபந்தனையைத் திருப்பிப் போட்டது: ஐரோப்பா இந்தப் பாதுகாப்பைத் தொடரும்வரை நாங்கள் சோதிக்க மாட்டோம்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அடையாளம் பற்றிய பேச்சை வெறும் முரட்டுத்தனம், தேசியவாதம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒரு தேசிய நீதிமன்றம் பிடிவாதமாக நின்றதால்தான் ஐரோப்பியர் அனைவருக்கும் உரிமைப் பாதுகாப்பு வலுப்பெற்றது. இன்றைய ஐரோப்பிய அடிப்படை உரிமைகள் சாசனத்துக்கும் அந்தப் பிடிவாதத்துக்கும் தொடர்பு உண்டு.

அப்புறம் இந்தக் கருத்து ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்தது. 1992-இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தில், உறுப்பு நாடுகளின் தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்கும் என்ற ஒரு வரி இருந்தது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் அதைச் செறிவாக்கியது. ஒன்றிய ஒப்பந்தத்தின் நான்காம் விதியின் இரண்டாம் பிரிவு, நாடுகளின் அடிப்படையான அரசியல், அரசமைப்புக் கட்டமைப்புகளில் ஊன்றிய தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்க வேண்டும் என்கிறது. வட்டார, உள்ளாட்சி அமைப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது மொழி, உணவு, உடை, மதம் என்று பொதுவாக ஒரு நாட்டைப் பற்றி நாம் நினைப்பதெல்லாம் தானாகவே இதற்குள் வந்துவிடாது. அரசு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதோடு அது பின்னியிருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு விதிகள் முன்னால் இன்னொன்று இருக்கிறது, இரண்டாம் விதி. மனித மாண்பு, சுதந்திரம், மக்களாட்சி, சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் உரிமை உள்ளிட்ட மனித உரிமைகள் ஆகியவை ஒன்றியத்தின் விழுமியங்கள் என்று அது சொல்கிறது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்னால் வரும் சண்டையெல்லாம் ஒன்றை மட்டும் படித்து மற்றதை மூடி வைத்ததால் வந்தது.

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் லிஸ்பன் ஒப்பந்தத்தைப் பற்றி 2009 ஜூன் 30 அன்று தந்த தீர்ப்பில் "அடையாளச் சோதனை" என்ற பெயரையே வைத்துவிட்டது. குற்றவியல் சட்டம், காவல்துறையும் ராணுவமும், அரசின் வரவு செலவு, சமூகநலம், கல்வியும் குடும்பமும் சார்ந்த பண்பாட்டு விஷயங்கள் என்று மக்களாட்சிக்கு உயிரான துறைகளையும் பட்டியலிட்டது. 2015-இல் அந்தச் சோதனை ஒரு மனிதருக்கு உண்மையிலேயே உதவியது. அமெரிக்கர் ஒருவருக்கு இத்தாலியில் 1992-இல், அவர் நேரில் இல்லாமலேயே, முப்பது ஆண்டு சிறைத்தண்டனை விதித்திருந்தார்கள். ஐரோப்பியப் பிடிவாரண்டின்படி ஜெர்மனி அவரை ஒப்படைக்க வேண்டும். அங்கே போனால் சாட்சியங்களோடு புதிதாக விசாரணை கிடைக்கும் என்பது உறுதியாகவில்லை. குற்றம் நிரூபிக்காமல் தண்டனை இல்லை என்ற கொள்கை மனித மாண்பிலிருந்து வருவது, அது எங்கள் அடையாளம் என்று கார்ல்ஸ்ரூஹே ஒப்படைப்பைத் தடுத்தது.

பிரான்ஸின் அரசமைப்பு மன்றமும் தன் பங்குக்கு 2006-இல் இதே கோட்பாட்டை அறிவித்தது. அதற்குள் வரும் ஒரு கொள்கையை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் காட்டியது 2021-இல்தான்: காவல் அதிகாரத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது. அதுவும் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்திலிருந்து எடுத்தது. பதினைந்து ஆண்டுகள் கையில் வைத்திருந்தும் அதைத் தேடித் தேடிப் பயன்படுத்தவில்லை என்பது அந்த நீதிமன்றத்துக்குப் பெருமை.

எனக்குப் பிடித்த உதாரணம் இத்தாலி. வாட் வரி ஏய்ப்பு வழக்குகள் அங்கே இழுத்துக்கொண்டே போய், காலவரம்பு முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் தப்பிவிடுவது வழக்கம். வாட் வரியின் ஒரு பங்கு ஒன்றியத்தின் வரவுசெலவுக்கும் போவதால் இது ஐரோப்பாவின் கவலையும்கூட. 2015 செப்டம்பரில், இதனால் பெரிய மோசடிகள் பல தண்டனையின்றித் தப்புகின்றன என்றால் அந்தக் காலவரம்பு விதிகளை இத்தாலிய நீதிமன்றங்கள் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றது லக்சம்பர்க்.

இத்தாலிக்கு இது நெஞ்சில் குத்தியது. அந்நாட்டுச் சட்டப்படி காலவரம்பு என்பது வெறும் நடைமுறை விதி கிடையாது. குற்றம், தண்டனை ஆகியவற்றின் பகுதி. செயல் நடந்த அன்று இருந்த சட்டத்தை விடக் கடுமையான ஒன்றைப் பிறகு கொண்டுவந்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று இத்தாலிய அரசமைப்பின் 25-ஆவது விதி சொல்கிறது. "இதை ஏற்க முடியாது" என்று ரோம் உடனே முகத்தில் அடித்தாற்போல் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். 2017 ஜனவரியில் அரசமைப்பு நீதிமன்றம் செய்தது வேறு. லக்சம்பர்க்குக்கே கேள்வி அனுப்பியது: நீங்கள் சொன்னதை நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா? எங்கள் அரசமைப்பின் உச்சக் கொள்கையை மீறியாவது செய்யச் சொல்கிறீர்களா? கேள்வி பணிவானது. சரியான பதில் வராவிட்டால் என்ன செய்வோம் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பர்க் தன் தீர்ப்பைத் தளர்த்தியது. தெளிவில்லாத அல்லது பின்தேதியிட்ட தண்டனையாக அது முடியுமானால் காலவரம்பு விதிகளை ஒதுக்க வேண்டியதில்லை என்றது. "அடையாளம்" பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்த சட்டத்தால் மட்டுமே தண்டனை என்ற கொள்கை ஐரோப்பா முழுமைக்கும் பொதுவானது என்று அதை எடுத்துக்கொண்டது. இத்தாலிக்கு வேண்டியது கிடைத்தது, பொதுச் சட்டமும் உடையவில்லை.

இப்போது ஹங்கேரி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நிகழ்ச்சிகளின் வரிசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

2015 செப்டம்பரில், இத்தாலியிலும் கிரீஸிலும் குவிந்த அகதிகளில் 1,20,000 பேரை மற்ற நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்க ஒன்றியம் முடிவெடுத்தது. ஹங்கேரிக்கு வந்த பங்கு 1,294 பேர். அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு மறுத்தது. 2016 அக்டோபர் 2 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. பாதிப் பேர்கூடச் செல்லும் வாக்கு போடாததால் அது செல்லாமல் போனது. நவம்பரில் அரசமைப்பைத் திருத்த முயன்றது. நாடாளுமன்றத்தில் இரண்டு வாக்குகள் குறைந்து அதுவும் தோற்றது. அதே மாத இறுதியில் அரசமைப்பு நீதிமன்றம், கிட்டத்தட்ட ஓராண்டாகக் கிடப்பில் இருந்த ஒரு மனுவை எடுத்துத் தீர்ப்பளித்தது: ஹங்கேரியின் அரசமைப்பு அடையாளத்தை ஒன்றியத்தின் முடிவுகள் மீறுகின்றனவா என்று சோதிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு, அந்த அடையாளம் நாட்டின் "வரலாற்று அரசமைப்பில்" வேரூன்றியது. மக்களும் நாடாளுமன்றமும் தராததை நீதிமன்றம் தந்தது. அந்த நீதிமன்றத்தில் அப்போது ஆளும் கட்சி தேர்ந்தெடுத்தவர்களே நிறைந்திருந்தார்கள். 2018-இல் தேர்தலில் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வந்ததும், ஹங்கேரியின் அரசமைப்பு அடையாளத்தையும் கிறிஸ்தவப் பண்பாட்டையும் காப்பது ஒவ்வோர் அரசு அமைப்பின் கடமை என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆஸ்திரியாவின் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது பிரச்சினைக்குத் தொண்ணூறு ஆண்டு மூத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் நிலைத்தது. குடிமக்களைச் சமமாக்குவதற்காக வந்தது. ஹங்கேரியில் அடையாளம் என்று சொன்னது நேற்றைய அரசியல் தகராறில் பிறந்தது. 1,294 பேரின் புகலிட மனுக்களைப் பரிசீலித்தால் ஒரு நாட்டின் அரசமைப்பு உருக்குலைந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2020 ஏப்ரலில் ஹங்கேரி, போலந்து, செக் குடியரசு மூன்றும் கடமை தவறின என்று தீர்ப்பளித்தது.

போலந்தில் விஷயம் இன்னும் ஆழமாகப் போனது. 2015-இல் ஆட்சிக்கு வந்த சட்டமும் நீதியும் கட்சி முதலில் அரசமைப்புத் தீர்ப்பாயத்தைத் தன் ஆட்களால் நிரப்பியது. பிறகு நீதிபதிகளைத் தண்டிக்கும் ஓர் ஒழுங்கு நடவடிக்கை அமர்வை உச்ச நீதிமன்றத்தில் உருவாக்கியது. அதன் சுதந்திரத்தை லக்சம்பர்க் கேள்விக்குள்ளாக்கிய பிறகு, பிரதமர் மொராவியெட்ஸ்கி தீர்ப்பாயத்திடம் போனார். 2021 அக்டோபர் 7 அன்று, ஒன்றிய ஒப்பந்தத்தின் சில விதிகளையே லக்சம்பர்க் புரிந்துகொள்ளும் விதத்தில் ஏற்க முடியாது, அது போலந்து அரசமைப்புக்கு எதிரானது என்றது தீர்ப்பாயம். அதே மாதத்தில் போலந்துக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

நீதிபதி சுதந்திரமாக இருக்கக் கூடாது என்பது எந்த நாட்டின் அடையாளமாக இருக்க முடியும்? போலந்தின் சொந்த அரசமைப்பே நீதித்துறைச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. அடையாளம் என்ற பெயரில் அந்த அரசு காத்தது தன் அரசமைப்பை மீறும் வசதியைத்தான்.

இந்தப் பின்னணியில் 2022 பிப்ரவரியில் முக்கியமான தீர்ப்புகள் வந்தன. சட்டத்தின் ஆட்சியை மீறும் நாட்டுக்கு ஒன்றிய நிதியை நிறுத்திவைக்கும் ஒழுங்குமுறையை எதிர்த்து ஹங்கேரியும் போலந்தும் போட்ட வழக்குகளில், இரண்டாம் விதியின் விழுமியங்களே ஒன்றியத்தின் அடையாளம் என்று லக்சம்பர்க் சொன்னது. நாடுகளுக்கு அடையாளம் இருப்பது போல ஒன்றியத்துக்கும் உண்டு. சேரும்போது ஏற்றுக்கொண்டதைச் சேர்ந்த பிறகு கைவிட முடியாது. அதே மாதம் ருமேனியாவிலிருந்து வந்த வழக்கில் இன்னொன்றும் சொன்னது. ஒன்றியச் சட்டம் தன் நாட்டின் அடையாளத்தை மீறுகிறது என்று ஓர் அரசமைப்பு நீதிமன்றம் நினைத்தால் அது லக்சம்பர்க்கிடம் கேள்வி அனுப்ப வேண்டும், தானே தீர்த்துக்கொள்ளக் கூடாது. இத்தாலி தானாகச் செய்ததை எல்லோருக்கும் கடமையாக்கினார்கள்.

தேசிய நீதிமன்றங்கள் இதை முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டன என்று சொல்ல முடியாது. கடைசி வார்த்தை யாருக்கு என்ற கேள்விக்கு லக்சம்பர்க் ஒரு பதிலும் கார்ல்ஸ்ரூஹே இன்னொரு பதிலும் வைத்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களை இது குழப்பும். ஆனால் இரு தரப்பும் மற்றதன் எல்லையை மதித்து நடக்கும்வரை அந்தக் கேள்வியை இறுதியாகத் தீர்க்க வேண்டிய அவசரமும் வருவதில்லை.

குடும்பச் சட்டத்தில் இப்போது இந்தச் சூடு அதிகம். ஸ்பெயினில் 2019-இல் ஒரு குழந்தை பிறந்தது. தாய்மார் இருவர், ஒருவர் பல்கேரியர். சோபியா நகர அதிகாரிகள் இரண்டு தாய்மாரின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் தர மறுத்தார்கள். அது நாட்டின் பொது ஒழுங்குக்கு எதிரானது என்றார்கள். குடும்பம் பற்றிய பல்கேரியாவின் தேசிய அடையாளமும் வழக்கில் பேசப்பட்டது. 2021 டிசம்பரில் லக்சம்பர்க் நடுவில் ஒரு வழி கண்டது. பல்கேரியா தன் குடும்பச் சட்டத்தை மாற்ற வேண்டாம், அந்தச் சான்றிதழையும் தர வேண்டாம். ஆனால் குழந்தை பல்கேரியக் குடிமகள் என்றால் அவளுக்கு அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கொடுக்க வேண்டும். இரு தாய்மாரோடும் அவள் எல்லை தாண்டிப் போய்வர வழிவிட வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது. நாடு தன் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம், அதற்காக ஒரு குழந்தையை ஆவணமில்லாமல் விட முடியாது.

2025 செப்டம்பரில் ஸ்லோவாக்கியா இன்னொரு அடி எடுத்து வைத்தது. தேசிய அடையாளம் சார்ந்த, குறிப்பாகப் பண்பாடும் ஒழுக்கமும் சார்ந்த விஷயங்களில் இறைமை தன்னுடையதே என்று அரசமைப்பில் எழுதியது. 150 உறுப்பினர்களில் 90 பேர் ஆதரவு. தேவையான ஐந்தில் மூன்று பங்கு சரியாக அவ்வளவுதான்.

அயர்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1983-இல் பொதுவாக்கெடுப்பு மூலம் கருவிலிருக்கும் உயிருக்கும் தாய்க்கும் சம உரிமை என்று அந்நாடு அரசமைப்பில் சேர்த்தது, விதி 40.3.3. ஒன்றியச் சட்டம் அதில் கைவைத்துவிடுமோ என்ற அச்சம் கிளம்பியதும் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தோடு தனி நெறிமுறை ஒன்றை இணைக்க வைத்தது: இந்த விதி அயர்லாந்தில் செயல்படுவதை ஒப்பந்தத்தில் உள்ள எதுவும் பாதிக்காது. லிஸ்பன் ஒப்பந்தத்திலும் அது 35-ஆவது நெறிமுறையாகத் தொடர்ந்தது. அப்படிக் காத்து வைத்த விதியை 2018 மே 25 அன்று அயர்லாந்து மக்களே மாற்றினார்கள், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு. வெளியிலிருந்து யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கருக்கலைப்பைச் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்தலாம் என்று அதே 40.3.3-இல் இப்போது எழுதியிருக்கிறது. 35-ஆவது நெறிமுறை இன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதே எண்ணைக் குறிப்பிட்டபடி.